தொய்வு, முட்டு, இழுப்பு: யாழ்ப்பாணத்திலிருந்து சுவாச நோய் ஆய்வாளராவது எப்படி

பயிற்சி வைத்தியராக இருந்த காலத்தில், ஒரு மார்பு நோய்க் கிளினிக்கில், ஏழு வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்த தாயொருவரிடம், கையிலிருந்த படிவத்தில் அச்சிட்டிருந்தபடியே, "பிள்ளைக்கு மூச்சிரைப்பு இருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் இல்லையென்று தலையாட்டினார். நானும் "இல்லை" என்ற கட்டத்தில் அடையாளமிட்டுவிட்டுப் பிள்ளையின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். இரண்டு பக்கமும் விசில் போலச் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டபோது, "மூச்சிரைப்பு எண்டு ஒண்டும் இல்லை டொக்டர், விடியப்புறத்தில முட்டு இழுக்கும், அவ்வளவுதான்" என்றார். நான் அந்த அடையாளத்தை வெட்டி மாற்றினேன். ஆனால் அன்று காலையிலிருந்து அதே சொல்லால் கேட்கப்பட்டு, "இல்லை" என்று எழுதப்பட்டு, வீட்டுக்குப் போன பிள்ளைகளின் படிவங்கள் மேசையில் ஓர் அடுக்காக இருந்தன. அந்த அடுக்கைப் பார்த்தபோதுதான், ஆய்வு என்பது என்ன வேலை என்பது எனக்கு முதன்முதலாகப் புரிந்தது.

ஆஸ்த்மாவையும் பிற சுவாச நோய்களையும் ஆராய்வதையே வாழ்நாள் தொழிலாகக் கொள்ள விரும்பும் உயர்தர மாணவருக்கும், மருத்துவ பீட மாணவருக்கும், உள்ளகப் பயிற்சியை முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசிக்கும் இளம் வைத்தியருக்கும் இதை எழுதுகிறேன். தாதியருக்கும், இயன்மருத்துவருக்கும், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளருக்கும், புள்ளிவிபரவியல் படித்தவருக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு என்பதால் அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019ஆம் ஆண்டில் உலகில் 26 கோடியே 20 இலட்சம் பேருக்கு ஆஸ்த்மா இருந்தது; அந்த ஒரே ஆண்டில் 455,000 பேர் அதனால் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலானோர் எங்களைப் போன்ற வருமானம் குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஆனால் சிகிச்சை வழிகாட்டல்களுக்கு அடிப்படையான ஆய்வுகளில் பெரும்பங்கு வசதி படைத்த நாடுகளில் நடந்தவை. இந்த இடைவெளியை நிரப்பப் புறப்படுகிறவருக்கு யாழ்ப்பாணம் பின்தங்கிய இடமல்ல. கேள்விகள் நிறைந்த இடம்.

கேள்வியை எங்கே தேடுவது

பட்டத்தை முதலில் பெற்றுவிட்டுக் கேள்வியைப் பிறகு தேடலாம் என்று நினைப்பதுதான் பெரும்பாலான இளையோர் விடும் தவறு. ஒரு சிறிய கொப்பியை இன்றே வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வார்ட்டிலோ கிளினிக்கிலோ வீட்டிலோ, மூச்சு சம்பந்தமாக உங்களுக்கு விளங்காத எதைக் கண்டாலும், கண்ட நாள், இடம், நேரம் ஆகியவற்றுடன் அதில் குறித்துக்கொள்ளுங்கள். மார்கழிப் பனியில் முட்டு கூடுவது ஏன்? குளிரினாலா, தடிமன் காய்ச்சலினாலா, அல்லது காற்று அசையாத அந்த விடியற்காலைகளில் ஒவ்வொரு வளவிலும் முற்றம் கூட்டிக் குப்பை கொளுத்துவதாலா? சோளகக் காற்று செம்மண் புழுதியைக் கிளப்பும் மாதங்களில் வரும் நோயாளரும் மாரியில் வருவோரும் ஒரே ஆட்களா? ஓலையும் பன்னாடையும் பொச்சும் எரித்துச் சமைக்கும் குசினியில் நாற்பது ஆண்டுகள் நின்ற அம்மாவுக்கு, ஒரு நாளும் சுருட்டுப் பிடிக்காத அவருக்கு, புகைபிடிப்பவருக்கு வருவது போன்ற மூச்சுக்குழாய் அடைப்பு வந்திருப்பது எப்படி? சுருட்டுக் கொட்டிலில் புகையிலைத் தூளுக்கு நடுவில் வாழ்நாளைக் கழித்தவரின் நுரையீரல் எந்த நிலையில் இருக்கும்? காசநோய் முற்றாகக் குணமாகிவிட்டது என்று கிளினிக் கொப்பியில் எழுதி அனுப்பப்பட்டவர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் படியேற முடியாமல் நிற்பதை யார் அளந்து பார்த்திருக்கிறார்கள்?

ஊரின் காற்றைக் கவனித்தவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள் என்பதற்கு ஸ்பெயினின் பார்சலோனா நகரம் நல்ல உதாரணம். அங்கே 1981 முதல் 1987 வரை, சில குறிப்பிட்ட நாட்களில் மட்டும், கடும் ஆஸ்த்மாவுடன் பெருந்தொகையானோர் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்து குவிந்தனர். ஜோசெப் மரியா அன்டோவும் அவருடன் பணியாற்றியவர்களும் நோயாளர் பதிவேடுகளையும் துறைமுகத்தின் சரக்கு இறக்கும் பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1985, 1986 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நோய் வெடித்த 13 நாட்களிலும் துறைமுகத்தில் சோயா அவரை இறக்கப்பட்டிருந்தது. வடிகட்டி பொருத்தப்படாத ஒரு களஞ்சியக் கோபுரத்திலிருந்து வெளியேறிய சோயாத் தூசியே காரணம் என்பது நிறுவப்பட்டது. வடிகட்டி பொருத்தியதும் அந்தத் திடீர்ப் பெருக்கங்கள் நின்றன. இந்தக் கண்டுபிடிப்பின் தொடக்கம் விலையுயர்ந்த கருவி எதுவுமல்ல; நேரம் குறித்து ஒழுங்காக வைக்கப்பட்டிருந்த இரண்டு பதிவேடுகள். எங்கள் வெளிநோயாளர் பிரிவுகளில் நெபுலைசர் கொடுக்கப்பட்டவர்களின் பதிவேட்டில் திகதியோடு நேரத்தையும் கிராம அலுவலர் பிரிவையும் எழுதும் பழக்கத்தை நீங்கள் தொடங்கிவைத்தால், அதுவே ஒரு ஆய்வின் அத்திவாரம். 2022 டிசெம்பரில் மண்டூஸ் புயலின் காலத்தில் காற்றின் தரம் கெட்டு நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்ட நாளை நினைத்துப் பாருங்கள். அன்று யார் யாருக்கு முட்டு இழுத்தது என்பதை அறிய அத்தகைய பதிவேடு ஒன்றே போதுமாக இருந்திருக்கும்.

படிப்பின் பாதை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, பிறகு மருத்துவ பீடத்தில் ஐந்து ஆண்டுகள், ஓராண்டு உள்ளகப் பயிற்சி, இலங்கை மருத்துவ சபையில் பதிவு, அதன்பின் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் ஊடாகச் சுவாச மருத்துவத்தில் நிபுணத்துவப் பயிற்சி, அதில் ஒரு பகுதி வெளிநாட்டில்: இது வைத்தியருக்கான வழி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978இல் தொடங்கப்பட்டது. மின்சாரமே இல்லாதிருந்த 1990களின் முற்பகுதியில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து அங்கிருந்து வெளிவந்தவர்கள் எங்களுக்கு ஆசிரியர்களாக இருந்தார்கள் என்பதை நன்றியோடு இங்கே சொல்லிக்கொள்கிறேன். சமூக மருத்துவத்தின் வழியாகவும், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், மருந்தியல் துறைகளின் வழியாகவும் சுவாச ஆய்வுக்கு வரலாம். மருத்துவம் கிடைக்காதவர் மனமுடைய வேண்டியதில்லை. ஊதும் காற்றின் அளவையும் வேகத்தையும் அளக்கும் சுவாசமானிப் பரிசோதனையை நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரு தொழில்நுட்பவியலாளரும், தரவைச் சரியாகப் பகுத்தறியத் தெரிந்த ஒரு புள்ளிவிபரவியலாளரும் இல்லாமல் எந்தப் பேராசிரியராலும் ஓர் ஆய்வையும் முடிக்க முடியாது.

மருத்துவ பீடத்தில் இருக்கும்போதே சமூக மருத்துவக் கற்கைக்காகச் செய்யும் சிறு ஆய்வைக் கடமைக்காகச் செய்து முடிக்காதீர்கள். அந்த ஆய்வில் யார் வினாக்கொத்தை எழுதுகிறாரோ, யார் வீடு வீடாகச் செல்கிறாரோ, யார் தரவை உள்ளிடுகிறாரோ அவர் கற்றுக்கொள்கிறார். அட்டையில் பெயர் மட்டும் போட்டுக்கொண்டவர் ஒன்றையும் கற்றுக்கொள்வதில்லை.

கேட்கும் சொல்

ஆஸ்த்மாவுக்கு இரத்தத்தில் கண்டுபிடிக்கும் ஒற்றைச் சோதனை கிடையாது. ஒரு ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு அந்த நோய் இருக்கிறது என்பதை அறிய முதலில் கேட்கத்தான் வேண்டும். ஆகவே கேட்கும் சொல்லே எங்கள் முதல் கருவி. 1991இல் தொடங்கப்பட்டு உலகின் பல நாடுகளில் நடத்தப்பட்ட சிறுவர் ஆஸ்த்மா மற்றும் ஒவ்வாமை பற்றிய சர்வதேச ஆய்வில், கடந்த 12 மாதங்களில் நெஞ்சில் விசில் போன்ற சத்தம் வந்ததா என்பதே அடிப்படைக் கேள்வியாக இருந்தது. அந்தச் சத்தத்தைக் குறிக்கும் "வீஸ்" (wheeze) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பல மொழிகளில் நேர்ச்சொல் இல்லாததால், மூச்சு முட்டும் பிள்ளைகளைப் படம்பிடித்துக் காட்டி, "உனக்கு இப்படி வந்ததுண்டா?" என்று கேட்கும் காணொளி வினாக்கொத்தையும் அந்த ஆய்வாளர்கள் உருவாக்க வேண்டியிருந்தது.

எங்களுக்குச் சொல் இல்லாத குறை இல்லை. சொல் மிகுதியாக இருப்பதே சிக்கல். தொய்வு, முட்டு, இழுப்பு, ஈளை, மூச்சு வருத்தம், நெஞ்சு அடைப்பு என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்வார்கள். இவற்றில் சில ஒரே பொருளன, சில அல்ல. என் அனுபவத்தில், "தொய்வு" என்றால் மாறாத நோய் என்ற அச்சம் அதில் ஒட்டியிருக்கிறது. பெண்பிள்ளையைப் பெற்றவர் அந்தச் சொல்லை ஒப்புக்கொள்ளத் தயங்குவார். "முட்டு" என்று கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவார். ஆகவே வினாக்கொத்தை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து, மற்றொருவரைக் கொண்டு ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்த்தபின்னும், வேலை முடிந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். வலிகாமத்திலும் வடமராட்சியிலும் தீவகத்திலும் பத்துப் பதினைந்து தாய்மாரை இருத்தி, ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துக் காட்டி, "இதைக் கேட்டால் உங்களுக்கு என்ன விளங்குகிறது, அம்மா?" என்று கேளுங்கள். அவர் தன் வாயால் சொல்லும் விளக்கத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நெஞ்சில் விசில் சத்தம் என்பதோடு முட்டு, இழுப்பு ஆகிய இரு சொற்களையும் கேள்விக்குள்ளேயே சேர்த்துவிடுவதுதான் நாங்கள் கண்ட வழி. தொடக்கத்தில் சொன்ன அந்தப் படிவ அடுக்கிலிருந்த குடும்பங்களை மீண்டும் தேடிப்போய்க் கேட்க எனக்கு இரண்டு மாதங்கள் பிடித்தன. அதைத் தவிர்க்க ஒரு பிற்பகல் போதுமாக இருந்திருக்கும்.

ஊதவைத்து அளத்தல்

இரண்டாவது கருவி சுவாசமானி. இதை வாங்குவது எளிது, சரியாகப் பயன்படுத்துவது கடினம். ஒவ்வொரு நாளும் காலையில், முதல் நோயாளி வருவதற்கு முன், 3 லீற்றர் அளவுப் பீச்சாங்குழாயினால் கருவியைச் சோதிக்க வேண்டும். 3 நூற்றுவீதத்துக்கு மேல் பிசகினால் அன்றைய அளவீடுகளை எடுக்கக் கூடாது. நன்கொடையாகக் கிடைத்த ஒரு கருவி அந்தப் பீச்சாங்குழாய் இல்லாமலேயே வந்து சேர்ந்ததால், பல மாத அளவீடுகளை நம்ப முடியாமல் ஒதுக்கிவைத்த வேதனை எனக்கு உண்டு. நன்கொடையாளரிடம் கருவியைக் கேட்கும்போதே அதையும் சேர்த்துக் கேளுங்கள். அறையின் வெப்பநிலையையும் கருவியில் சரியாகப் பதியுங்கள். உடலிலிருந்து 37 பாகை வெப்பத்தில் வெளிவரும் காற்று கருவிக்குள் குளிர்ந்து சுருங்குவதைக் கணக்கிட்டுத்தான் அது அளவைத் திருத்துகிறது; குளிர்நாட்டு அறைக்கு ஏற்பப் பதிந்திருக்கும் எண்ணோடு சித்திரை வெயிலில் அளந்தால் விடை தவறாகும். காசநோய் இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவரைச் சளிப் பரிசோதனை முடிவதற்கு முன் ஊதவைக்க வேண்டாம்.

பிறகு, ஊதவைக்கும் கலை. முதுகு நிமிர்ந்து, கால்கள் நிலத்தில் படும்படி நாற்காலியில் இருத்துங்கள். மூக்கில் கிளிப், உதடுகள் குழாயைச் சுற்றி இறுக மூடியிருக்க வேண்டும், நாக்கு குழாயை மறைக்கக் கூடாது. பொருத்தமாக இருக்கும் கட்டுப்பல்லைக் கழற்ற வேண்டியதில்லை. "நல்லா இழுங்கோ ஐயா, இன்னும் இழுங்கோ, நிரம்பட்டும்... இப்ப ஊதுங்கோ! ஊதுங்கோ, ஊதுங்கோ, விடாதேங்கோ, இன்னும் கொஞ்சம்..." என்று நீங்களும் அவரோடு சேர்ந்து மூச்சுப் பிடிக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக் கேட்கும் நாகரிகம் இந்த அறைக்குப் பொருந்தாது. ஏற்கத்தக்க ஊதல்கள் குறைந்தது மூன்று வேண்டும். முதல் விநாடியில் வெளியேறும் காற்றின் அளவுகளில் மிகப் பெரிய இரண்டுக்கும் இடையில் 150 மில்லிலீற்றருக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. வளர்ந்தவருக்கு எட்டு முயற்சிகளுக்குள் அது கிடைக்காவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிட்டு இன்னொரு நாள் வரச்சொல்லுங்கள்.

ஒரு முறை நாதஸ்வரக் கலைஞர் ஒருவர் வந்திருந்தார். மூச்சடக்கத்தில் தேர்ந்தவர் என்பதால் சிரமம் இராது என்று நினைத்தேன். அவர் ஊதிய வளைகோட்டைப் பார்த்தால் கடும் அடைப்புள்ளவரைப் போல இருந்தது. நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லை. படியேறிக் களைக்காமல் வந்திருந்தார். மூன்றாவது தடவை அவருடைய கன்னத்தைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: வாழ்நாள் முழுவதும் காற்றைச் சிந்தாமல் மெல்ல மெல்ல விட்டுப் பழகியவர், கருவிக்குள்ளும் ஆலாபனை தொடங்குவது போல இழைத்து விட்டுக்கொண்டிருந்தார். "ஐயா, இது வாசிப்பில்லை, பிறந்தநாள் கேக்கிலை இருக்கிற அத்தனை மெழுகுதிரியையும் ஒரே ஊதிலை அணைக்கிற மாதிரி விடுங்கோ" என்று சொன்னதும் அடுத்த ஊதல் சுத்தமாக வந்தது. கருவி அச்சிட்டுத் தரும் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அவருக்கு ஒரு நோயைக் கொடுத்து அனுப்பியிருப்பேன். எண்ணுக்கு முன் வளைகோட்டைப் பாருங்கள். வளைகோட்டுக்கு முன் ஆளைப் பாருங்கள்.

மூச்சுக்குழாய் விரிவதைச் சோதிப்பதற்கு, 400 மைக்ரோகிராம் சல்பியூட்டமோலை, அதாவது வழக்கமான பம்மில் நான்கு அடியை, ஸ்பேசர் எனப்படும் இடைக்குடுவை மூலம் கொடுத்து 10 முதல் 15 நிமிடங்கள் காத்திருந்து மீண்டும் ஊதவைக்கிறோம். முதல் விநாடியின் அளவு 12 நூற்றுவீதத்தாலும் 200 மில்லிலீற்றராலும் கூடினால் அது ஆஸ்த்மாவுக்குச் சாதகமான சான்று. சுவாசமானி இல்லாத இடத்தில் ஊதும் உச்ச வேகத்தை மட்டும் அளக்கும் பீக் ஃபுளோ மீற்றரைக் கொடுத்து, இரண்டு வாரங்கள் காலையும் மாலையும் ஊதி எழுதிவரச் செய்யலாம். ஆனால் அந்த நாட்குறிப்பை உற்றுப் பாருங்கள். இரண்டு வார எண்களும் ஒரே பேனாவால், ஒரே சாய்வில், கசங்காத தாளில் எழுதப்பட்டிருந்தால் அவை கிளினிக் வாசலில் இருந்து எழுதப்பட்டவை. அதற்காக நோயாளியைக் கடிந்துகொள்ளாதீர்கள். விடியற்காலையில் பால் கறந்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் ஒருவரிடம் நாங்கள் கேட்டது அதிகம் என்பதே அதன் பொருள். ஆய்வின் வடிவத்தை மாற்றுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. எங்கள் அளவுகளை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதும் திறந்த கேள்விதான். 2012இல் வெளியான உலகளாவிய நுரையீரல் ஒப்பீட்டு அளவுகளில் இந்தியத் துணைக்கண்டத்தாருக்கென்று தனியான சமன்பாடு இடம்பெறவில்லை. அதேபோல, இரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கையை வைத்து ஆஸ்த்மாவை வகைப்படுத்தும் வெட்டுப்புள்ளிகள் பெரும்பாலும் குடற்புழுக்கள் அரிதான நாடுகளில் வகுக்கப்பட்டவை. புழுத்தொற்றாலும் அந்தக் கலங்கள் கூடும் என்பதால், அவற்றை இங்கே அப்படியே எடுத்தாள முடியாது. ஆய்வுக் கேள்வி கிடைக்கவில்லை என்று சொல்லும் மாணவரிடம் நான் முதலில் காட்டுவது இந்த இரண்டையும்தான்.

ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நிற்றல்

இந்தத் தொழில் எப்படி நீளும் என்பதை அறிய நியூசிலாந்தின் கதையை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். அந்த நாட்டில் 1976 முதல் ஆஸ்த்மாவால் இறப்போரின் தொகை திடீரென உயர்ந்தது. அதே ஆண்டில்தான் ஃபெனொடெரோல் என்ற விரைவாக மூச்சுக்குழாயை விரிக்கும் பம் அங்கே அறிமுகமாகியிருந்தது. வெலிங்டனில் ஜூலியன் கிரேன், நீல் பியர்ஸ், ரிச்சர்ட் பீஸ்லி முதலானோர் அடங்கிய இளம் ஆய்வுக் குழு, இறந்தவர்களையும் இறக்காத நோயாளரையும் ஒப்பிட்டு, 1989இல் முடிவை வெளியிட்டது: அந்த மருந்து கொடுக்கப்பட்டவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது.

உடனே கிளம்பிய எதிர்ப்பை நீங்கள் ஊகிக்கலாம். "நோய் கடுமையானவருக்குத்தான் அந்த மருந்தை எழுதுகிறோம்; ஆகவே கடுமையான நோய்தான் கொன்றது, மருந்து அல்ல" என்றார்கள். இதுதான் குழப்பும் காரணி என்று பாடநூல்கள் சொல்வது. யாழ்ப்பாணத்து உதாரணத்தில் சொன்னால், ஆசுபத்திரிக்கு அடிக்கடி போகிறவர்கள் அதிகமாக இறக்கிறார்கள் என்பதால் ஆசுபத்திரி கொல்கிறது என்று சொல்ல முடியாது அல்லவா? குழுவினர் அதற்குப் பதிலளித்த முறைதான் படிக்க வேண்டியது. நோய் மிகக் கடுமையாக இருந்தவர்களை மட்டும் தனியே எடுத்து, அவர்களுக்குள்ளேயே ஒப்பிட்டார்கள். எதிர்ப்பாளர் சொன்னது சரியென்றால் அந்த வேறுபாடு அங்கே மங்க வேண்டும். மங்கவில்லை; கூடியது. மருந்தின் பாவனை கட்டுப்படுத்தப்பட்டது. இறப்புகள் வேகமாகக் குறைந்தன.

அத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொயிட் இல்லாமல், விரைவாக விரிக்கும் பம்மை மட்டும் நம்பியிருப்பது பாதுகாப்பானதா என்ற கேள்வியைப் பீஸ்லி தொடர்ந்து துரத்தினார். முட்டு வரும்போது பியூடெசொனைட் என்ற ஸ்டீரொயிட்டும் ஃபோர்மொடெரோல் என்ற விரிப்பியும் ஒன்றாக உள்ள பம்மைப் பயன்படுத்துவது சல்பியூட்டமோலை மட்டும் பயன்படுத்துவதைவிட மேலானது என்பதைக் காட்டிய, நோயாளரைக் குலுக்கல் போலப் பிரித்து ஒப்பிடும் எழுமாற்றுப் பரிசோதனை ஒன்றை அவர் தலைமையிலான குழு 2019இல் வெளியிட்டது. அதே ஆண்டில் ஆஸ்த்மாவுக்கான உலகளாவிய முன்னெடுப்பு தன் வழிகாட்டலை மாற்றி, வளர்ந்தவருக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் விரைவு விரிப்பியை மட்டும் கொடுத்துச் சிகிச்சையளிப்பதைப் பரிந்துரைப்பதில்லை என்றது. 1989க்கும் 2019க்கும் இடையில் முப்பது ஆண்டுகள். வாழ்க்கையில் பத்துத் தலைப்புகளில் பத்துக் கட்டுரைகள் எழுதியவரைவிட, ஒரே கேள்வியைப் பத்துப் பக்கங்களிலிருந்து பார்த்தவரே நோயாளியின் கையிலிருக்கும் மருந்தை மாற்றுகிறார் என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் கிளினிக்குகளில் இன்றும், "பம் அடிச்சால் பழகிப்போகும்" என்று பயந்து தடுப்புப் பம்மை விட்டுவிட்டு, உடனே மூச்சுக்குழாயை விரிக்கும் நீல நிறப் பம்மை மட்டும் வைத்திருப்போர் எத்தனையோ பேர். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது, எதனால் தணிகிறது என்பதே ஒருவரின் வாழ்நாள் ஆய்வுக்குப் போதும்.

அனுமதியும் சம்மதமும்

ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னரே ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும். யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலேயே அத்தகைய குழு உண்டு. மருந்துப் பரிசோதனை என்றால் முதலாவது நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் பதிய வேண்டும். பின்னர் பதிந்தால் நல்ல சஞ்சிகைகள் ஏற்காது. இவை விதிமுறைகள். விதிமுறைக்கு அப்பால் ஒன்று உண்டு: எங்கள் ஊரில் வைத்தியர் கேட்டால் மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் இல்லை. கிளினிக் கொப்பியை நீட்டியபடி நிற்கும் முதியவர், "நீங்கள் சொன்னால் சரி தம்பி" என்று கையெழுத்திடுவது சம்மதம் ஆகாது. ஆகவே சிகிச்சையளிக்கும் வைத்தியர் சம்மதம் கேட்கக் கூடாது; வேறொருவர், வெள்ளைக் கோட்டு இல்லாதவர், கேட்கட்டும். படிவத்தைக் கொடுத்து, வீட்டில் வாசித்துக் காட்டி அடுத்த முறை கொண்டுவரச் சொல்லுங்கள். திரும்பி வராத படிவங்களும் ஒரு பதில்தான்.

நேரம், பணம், வெளிநாடு

இதை ஒளிவில்லாமல் சொல்ல வேண்டும். நிபுணராகியபின் மாலை வேளைகளில் தனியார் வைத்தியசாலையில் நோயாளரைப் பார்ப்பதால் வரும் வருமானத்தை ஆய்வு ஒருபோதும் தராது. வாரத்தில் ஒரு முழு நாளையாவது ஆய்வுக்கென்று ஒதுக்கி, அந்த மாலையின் வருமானத்தை விட்டுக்கொடுக்க வீட்டாரும் சம்மதிக்க வேண்டும். இதைத் திருமணத்துக்கு முன்பே பேசிக்கொள்வது நல்லது. தேசிய ஆராய்ச்சிப் பேரவை, தேசிய விஞ்ஞான மன்றம் ஆகியவற்றின் நிதிக்கு விண்ணப்பிக்கலாம். முதல் விண்ணப்பம் தள்ளுபடியாவது வழமை. மதிப்பீட்டாளரின் குறிப்புகளைக் கேட்டு வாங்கி, அவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதி மறுபடி அனுப்புங்கள். பகுப்பாய்வுக்கு ஆர் என்ற இலவச மென்பொருளைக் கற்றுக்கொண்டால், அனுமதிச் சீட்டுக் கட்டணம் கட்ட முடியவில்லையே என்ற கவலை இல்லை.

வெளிநாட்டுக்குப் போகத்தான் வேண்டும். நல்ல ஆய்வுக்கூடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்தவரின் கை பிறகு தடுமாறாது. ஆனால் போகும்போது இங்குள்ள கேள்வியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள பேராசிரியரின் கேள்வியில் நான்காவது கையாக நின்றுவிட்டுத் திரும்புகிறவருக்கு, ஊருக்கு வந்ததும் செய்ய ஒன்றும் இருப்பதில்லை; பலர் திரும்பாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எழுதுதலும் திருப்பிக் கொடுத்தலும்

முதல் கட்டுரையை யாழ்ப்பாண மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகைக்கோ, 1887இலிருந்து வெளிவரும் இலங்கை மருத்துவ சஞ்சிகைக்கோ அனுப்புங்கள். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுவதாக மின்னஞ்சல் அனுப்பும் சஞ்சிகைகளின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். ஆசிரியர் வரிசையைத் தரவு சேர்ப்பதற்கு முன்பே எழுதி ஒப்பமிட்டுக்கொள்ளுங்கள். ஆய்வு முடிந்தபின் முறிந்த நட்புகளை நான் கண்டிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் வெளியிட்டதும் வேலை பாதிதான் முடிந்தது. 1847இல் இங்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க வைத்தியர், மானிப்பாயில் எங்கள் இளைஞருக்கு மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்ததோடு, அதைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று துணிந்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். வேற்று நாட்டவர் ஒருவரால் அன்றே முடிந்தது, பங்கெடுத்த நோயாளருக்கு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதும் அளவுக்கு எங்களால் முடியாமற் போக நியாயம் இல்லை. என்ன கேட்டோம், என்ன கண்டோம், அதனால் நீங்கள் என்ன மாற்ற வேண்டும் அல்லது மாற்ற வேண்டியதில்லை என்ற மூன்றையும் அந்தத் தாளில் எழுதுங்கள். கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைக்கும் அளவில் அச்சிடுங்கள்.

பிறகு அந்தக் கிராமத்துச் சனசமூக நிலையத்தில், ஞாயிறு பிற்பகல் நான்கு மணியளவில், வெயில் தணிந்தபின், கூட்டம் ஒன்றை ஒழுங்குசெய்யுங்கள். படங்காட்டும் கருவி வேண்டாம். நீங்கள் இருபது நிமிடம் பேசி, மீதி நேரத்தை அவர்களிடம் விடுங்கள். கொப்பி கையில் இருக்கட்டும். நான் கடைசியாக நடத்திய கூட்டத்தில், பின்வரிசையில் கதவோரமாக நின்ற பெண்ணொருவர், எல்லோரும் எழுந்த பிறகு கிட்ட வந்து, "அடுத்த வளவுக்காரர் விடிய அஞ்சரைக்குக் குப்பை கொளுத்திறவை டொக்டர், அவையோடை சண்டை பிடிக்க ஏலாது. எந்த யன்னலைப் பூட்டினால், எவ்வளவு நேரம் பூட்டினால் பிள்ளைக்குக் காணும்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. அந்தக் கேள்வியை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டேன். இப்போது இரண்டு மாணவிகள் அந்த ஊரில் பத்து வீடுகளின் யன்னலோரத்தில் காற்றுத் துகள்மானிகளை வைத்து, தினமும் காலை ஐந்து மணியிலிருந்து அளந்துகொண்டிருக்கிறார்கள்.